சார்பா யாரு?

அந்தக் கிளினிக்கில் யாருடைய நோய்க்கும் பெயர் கிடையாது. எல்லாமே தூக்கம்தான். தூக்கம் வராதது, தூக்கம் அதிகமாக வருவது, தூக்கத்தில் பேசுவது. டாக்டரையே தெருவில் தூக்க டாக்டர் என்றுதான் சொல்வார்கள். கிளினிக் மந்தைவெளியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நரம்பு, மனம், பைத்தியம் போன்ற சொற்கள் அந்தப் படியேறி வரக் கூடாது என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் சிஸ்டர்.

அவர் நர்ஸ் படிப்பு படித்தவர் அல்ல. வெள்ளைப் புடவை கட்டியிருந்ததால் சிஸ்டர். நாற்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட புடவை நடக்கும்போது சரசரக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஹாலில் அழுதுகொண்டிருப்பவர்கள்கூட மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள்.

நான் அப்போது பம்பாயிலிருந்து திரும்பியிருந்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு லாரியில் கிளீனர், கல்யாணச் சமையலில் எடுபிடி, பம்பாயில் ஒரு தோல் பட்டறை. எதிலும் வெகுநாள் நின்றதில்லை. கிளினிக் வாசலில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று டீக்கடையில் சொன்னார்கள். போய் நின்றேன். சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இங்க பாத்த மூஞ்சிய வெளியில பாத்தா இன்னா செய்வே?"

"பாக்காத மாதிரி போவேன்."

வேலை கிடைத்தது. அவருடைய டிபன் கேரியரில் ஒரு அடுக்கு எனக்கென்று வரத் தொடங்கியது. என் காலில் பம்பாயிலிருந்து ஆறாத புண் ஒன்று இருந்தது. கேட்காமலே டாக்டரிடம் இழுத்துப்போய் ஊசி போட வைத்தார். படுக்க இடம் இல்லை என்று தெரிந்ததும் மாடிப்படிக்குக் கீழே பாயும் தலையணையும் வாங்கிப் போட்டார். எனக்கு அதுவரை யாரும் தலையணை வாங்கித் தந்ததில்லை.

ஹாலில் ஆட்களைக் கூப்பிடுவதுதான் அவருடைய முக்கியமான வேலை. பெண் நோயாளி என்றால் நேராகக் கூப்பிடுவார். "விஜயா, உள்ள போ." ஆண் நோயாளியின் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஆண்களுக்கு, கூட வந்த பெண்ணின் பெயரில்தான் சீட்டு. மனைவியோ அம்மாவோ தங்கையோ, யாரானாலும் சரி. "கமலா சார்பா யாரு?" என்று கேட்பார். கமலாவின் புருஷன் எழுந்திருப்பார். பெண்டாட்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பான மனிதரின் முகம் அதற்குள் அவருக்கு வந்துவிட்டிருக்கும். கமலா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போவாள். உள்ளே டாக்டர் பேசுவது புருஷனிடம். கமலா ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் வெளியே வரும்போது ஹாலில் இருப்பவர்கள் கமலாவைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள். சில பெண்கள் அவள் கையைப் பிடித்து, எல்லாம் சரியாகிவிடும் என்றுகூடச் சொல்வார்கள்.

டாக்டர் இதில் தலையிடுவதில்லை. எந்தப் பெயரில் வந்தாலென்ன, மாத்திரை உள்ளே போனால் சரி என்று அவர் விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். மாலையில் வந்து, கூட்டம் முடிந்ததும் கார் ஏறிப் போய்விடுவார்.

மயிலாப்பூர் மேன்ஷன் ஒன்றில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார். கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. பெயர் கொடுக்க ஒரு பெண்கூட இல்லாமல் முதல் நாள் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். சிஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல் அவருக்கு ஒரு மனைவியை உண்டாக்கினார். "சரோஜா சார்பா யாரு?" வாத்தியார் திடுக்கிட்டு எழுந்து போனார். நாளாக ஆக அவருக்கு அது பழகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், வீட்டம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தால், "பரவாயில்லை. நேத்து நல்லா தூங்கினா. அழறதும் குறைஞ்சிருக்கு" என்பார். ஒரு தடவை மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சிஸ்டர் அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் அன்று கிளினிக்கைப் பூட்டிய பிறகு படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் சிஸ்டர், "பாவம்டா அந்த ஆளு" என்றார்.

ஆண்கள் மேல் அவருக்கு அந்தப் பாவம் எப்போதும் இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் பஸ் டிரைவர். யாரோ பின்னாலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுப்பதாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுச் சரியாகியும்விட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அவரைப் பார்த்த ஒருவன் டிப்போவில் போய்ச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு யாரும் அவரை வண்டியில் ஏற விடவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் கடல் பக்கம் போனார், திரும்பவில்லை. சிஸ்டர் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலின் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "ஆம்பளைக்குப் பேரு போனா சோறு போவும். பொம்பளைக்கு இந்தப் பேரு வந்தா இன்னா போயிடுது? வூட்டுலதானே கீறா" என்றார்.

இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போது சரியாகத்தான் பட்டது.

ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், படிப்புக்காக விசாரிக்க. ஆண்கள் அதிகம் வருகிறார்களா பெண்கள் அதிகம் வருகிறார்களா என்று கேட்டாள். சிஸ்டர் அவளுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, "பொம்பளைங்கதாம்மா ஜாஸ்தி. ஆம்பளைங்க எப்பவாச்சும் ஒருத்தர்" என்றார். ஏன் அப்படி என்று அந்தப் பெண் கேட்டாள். பொம்பளை மனசு அப்படி, எல்லாத்தையும் உள்ளே போட்டுக்கொள்ளும் என்றார் சிஸ்டர். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ஹாலில் அப்போது கமலாக்களின் சார்பாக வந்திருந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் போன பிறகு நான் சிரித்தேன்.

"இன்னாடா இளிப்பு? மத்த ஆம்பளைங்க ஆஸ்பத்திரி அதோ கீது. அந்தப் பொண்ண அங்க போய் எண்ணிக்கினு வரச் சொல்லு" என்று ஜன்னல் வழியே காட்டினார். எதிர்ச்சாரியில் ஒயின்ஷாப் இருந்தது. மாலை வெயிலிலேயே அங்கே கூட்டம்.

பெண்கள் வராமல் இல்லை. தாங்களாகவும் வந்தார்கள், வீட்டுக்காரர்கள் இழுத்துக்கொண்டும் வந்தார்கள். உடம்பு வலி, நெஞ்சுப் படபடப்பு, அடுப்பைப் பார்த்தால் பயம் என்று வந்தார்கள். அவர்களிடம் சிஸ்டரின் குரல் வேறு மாதிரி இருக்கும். கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் சலிப்பாக. பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு மீன்காரம்மா வருவார். கூடையை என்னிடம் விட்டுவிட்டு மேலே போவார். ஒருநாள் அவர் சிஸ்டரிடம், என் பெயரையும் இப்படிச் சத்தமாகக் கூப்பிடாதே, வேறு யார் பெயரையாவது சொல்லு என்று கேட்டார்.

"உனுக்கு இன்னாத்துக்கு? நீ இன்னா ஆபீசா போறே?" என்றார் சிஸ்டர்.

"எனுக்கும் யாவாரம் கீதுல்ல? மென்டல் கையில யாராச்சும் மீனு வாங்குவாங்களா?"

சிஸ்டர் சிரித்துக்கொண்டே, பொம்பளை நீ, தாங்குவே என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே அவர் பெயரைக் கூப்பிட்டார். மீன்காரம்மா உள்ளே போகவில்லை. கீழே வந்து கூடையை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவேயில்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அன்றைக்கும் டிபன் கேரியரில் என் அடுக்கு இருந்தது. சாப்பிட்டேன்.

பிறகு என் அக்காவின் முறை வந்தது.

அக்கா தனலட்சுமி கோட்டூர்புரத்தில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருந்தாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தி.நகரில் ஒரு ஜாக்கெட் கடையில் கட்டிங் மாஸ்டர். குடிக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். அவருக்குச் சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். ஜன்னல்களுக்குப் பேப்பர் ஒட்டினார். மூன்றாவது படிக்கும் தன் மகளைக்கூட முதல் கவளத்தைச் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் தான் சாப்பிட்டார். அன்றுதான் அக்கா என்னைத் தேடிக்கொண்டு கிளினிக் வாசலுக்கு வந்தாள். நான் சிஸ்டரிடம் அழைத்துப் போனேன்.

என்ன தொழில் என்று சிஸ்டர் கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறியது.

"கத்திரிக்கோல் புடிக்கிற ஆளா? அப்ப பேரு மூச்சு விடக் கூடாது. வெளிய தெரிஞ்சா எவன் கையில கத்திரிக்கோல் குடுப்பான்?"

அக்கா உடனே, "எம் பேரையே போட்டுக்குங்க சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் அவள் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. தனலட்சுமி சார்பா யாரு என்றதும் மாமா எழுந்து போவார், அக்கா பின்னால் போவாள். கோட்டூர்புரத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அதே ஹாலுக்கு வருகிறவர்கள். தெருவில் பேச்சுப் பரவியது. அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமா தேறி வந்தார். ஜன்னலில் ஒட்டியிருந்த பேப்பரைத் தானே கிழித்துப் போட்டார். மாத்திரையால் விரல் லேசாக நடுங்கியதே தவிர, துணி வெட்டுவதில் பிசகவில்லை.

மாமாவின் அம்மா வியாசர்பாடியில் மூத்த மகனோடு இருந்தார். அவருக்கும் மாமா உண்மையைச் சொல்லவில்லை, வெட்கம். மருமகளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்ற சேதி அவருக்குத் தெருக்காரர்கள் மூலமாகப் போனது. வந்து இறங்கினார். என் பிள்ளை எத்தனை நாள் இந்தப் பைத்தியத்தோடு கஷ்டப்படுவான், இது அந்தக் குழந்தையை ஏதாவது செய்துவிட்டால் என்ன செய்வது, பிறந்த வீட்டுக்கு அனுப்புங்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் பிராது கொடுத்தார். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நான் ஒருவன். எனக்கு வீடு மாடிப்படிக்கு அடியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து அறையில் பேசுவதாக முடிவானது. நான் டாக்டரைக் கேட்டேன். "நான் அங்கெல்லாம் வந்து சாட்சி சொல்லிண்டு நிக்க முடியாதுப்பா. சிஸ்டருக்கு எல்லாம் தெரியும். அவ சொன்னா நான் சொன்ன மாதிரி" என்றார். சிஸ்டரைக் கேட்டேன். மேஜைமேல் இருந்த சீட்டுகளை அடுக்கி வைத்தார். பிறகு வருவதாகச் சொன்னார். அக்கா தனக்குக் கூடப் பிறந்தவள் மாதிரி என்றும் சொன்னார். அக்காவிடம் போய், சிஸ்டர் வருகிறார், இனிப் பயம் இல்லை என்றேன். அவள் அன்று நிம்மதியாகச் சமைத்தாள்.

சங்கத்து அறையில் அக்காதான் முதலில் பேசினாள். நோய் எனக்கில்லை, அவருக்குத்தான் என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் மறுபடியும் சொன்னாள், சத்தமாக. "எல்லா பைத்தியமும் இதத்தான் சொல்லும்" என்றார் மாமியார். அக்கா அழுதாள், சேலைத் தலைப்பு நழுவியது, மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "வாயத் தொறந்து சொல்லுய்யா" என்றாள். அவள் கண்ணைப் பாருங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மாமா இடத்தைவிட்டு எழவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த நூல்பிசிறை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவரைவிடத் தெளிந்த மனிதர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

சிஸ்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். எல்லாரும் எழுந்து இடம் விட்டார்கள். சங்கத் தலைவர் மரியாதையாகக் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. பேஷண்ட்டு யாரு?"

மாமா அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். சிஸ்டரைப் பார்த்தார். ஹாலில் ஆண்கள் அப்படிப் பார்ப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன், தங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால்.

"நான் கூப்புட்டது தனலட்சுமின்ற பேரத்தான்" என்றார் சிஸ்டர்.

"மாத்திரையும் அவங்களுக்குத்தானா?"

"சீட்டுல அந்தப் பேருதான் கீது."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். மெதுவாக, "சிஸ்டர், என்னப் பாத்து சொல்லுங்க" என்றாள். சிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. தலைவரிடம், யாரும் கேட்காமலே, "பயப்படாதீங்க. குணமாவுற சமாச்சாரம்தான். தங்கமான பொண்ணு" என்றார்.

குணமாகும் வரை அக்கா என்னோடு இருப்பது, குழந்தை அப்பாவிடம் இருப்பது என்று தீர்ந்தது.

பஸ் ஸ்டாப்பில் நான் சிஸ்டரை மறித்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஒரு வார்த்த பொய் சொன்னேனா, சொல்லு. அவன் வேலை போச்சுன்னா அந்தக் கொயந்தைக்கு யாருடா சோறு போடுவா? உங்கக்கா தாங்கும். அவன் தாங்க மாட்டான்."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் பாயையும் தலையணையையும் மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பட்டினப்பாக்கத்தில் ஒரு அறை பிடித்தோம். நான் ஐஸ் பெட்டி தூக்கினேன், அக்கா ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கப் போனாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கோட்டூர்புரம் போய் தூரத்தில் நின்று மகளைப் பார்த்துவிட்டு வருவாள். கிட்டே போனால் குழந்தை பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டது.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒருநாள் மத்தியானம் எங்கள் அறைக்கு முன்னால் வெள்ளைப் புடவை நின்றது. கையில் ஆப்பிள் பை. நான் உள்ளே விடவில்லை. அக்காதான், வரட்டும் என்றாள்.

சிஸ்டர் தரையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அக்கா போன பிறகு மாமா கிளினிக்குக்கு வரவில்லை. வீட்டில் நோயாளி இல்லாமல் யார் சார்பாக வருவார்? மாத்திரை தீர்ந்து, இப்போது அம்மா சமைப்பதைத் தொடுவதில்லை. ஜன்னலில் மறுபடியும் பேப்பர். மாமியாருக்கு இப்போதுதான் உண்மை புரிந்திருக்கிறது. ஆனால் பைத்தியம் இருக்கும் வீட்டில் குழந்தை இருக்கக் கூடாது என்று தெருவைக் கூட்டிச் சொன்னவர், தன் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். இல்லாத பெயரைப் போடலாம் என்றால் ஹாலில் அந்தத் தெருக்காரர்கள் இருக்கிறார்கள். கடையில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

"மாசம் ஒரு தபா நீ வந்து உக்காந்தா போதும்மா" என்றார் சிஸ்டர்.

நான் கத்தினேன். அக்கா கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"எம் பேரு வோணும்னா எம் பொண்ணக் கொண்டாந்து வுடச் சொல்லுங்க. பொண்ணு இங்க வந்தப்புறம்தான் வருவேன்."

சிஸ்டர் முகம் மலர்ந்தது. தானே போய்ப் பேசி முடிப்பதாகச் சொன்னார், முடித்தும் விட்டார். அடுத்த வாரம் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே வந்தார். புத்தகப் பை, ஒரு பிளாஸ்டிக் பையில் துணிகள். அக்கா வாசலில் முழங்காலிட்டுக் கைகளை நீட்டினாள். குழந்தை வரவில்லை. சிஸ்டரின் புடவையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தை ஆராய்ந்தது. பிறகு, பெரியவர்கள் கேட்கும் தோரணையில், அன்பாகவே கேட்டது.

"மாத்திரை போட்டுக்கினியாம்மா?"

அக்கா சிஸ்டரை நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த இடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. உண்மையை மறைத்துக் காப்பாற்ற அங்கே தெருவும் இல்லை, கடையும் இல்லை.

சிஸ்டர் குனிந்து குழந்தையின் ரிப்பனை இழுத்துச் சரியாக முடிந்தார். "கெட்டிக்காரி. இதே மாதிரி தெனமும் கேக்கணும், இன்னா?"

குழந்தை அவரிடம் தலையை ஆட்டியது. பதில் இன்னும் வரவில்லையே என்று அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது.

"போட்டுக்கினேன் கண்ணு" என்றாள் அக்கா.